நாற்பத்து மூன்றாவது பெயர்

பட்டியலை அவள் முன் வைத்துவிட்டு அவன் நின்றான்.

மண்டபத்தின் பின்னறை. வெளியே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. பத்தரைக்குப் பொதுக்குழு. முதலில் இரங்கல் தீர்மானம். அடுத்தது தலைவர் தேர்தல்.

செங்கமலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

இருபத்திரண்டு வருடமாகக் கட்சி அவளுக்குக் கொடுத்த ஒரே வேலை இது. அந்தந்த வருடம் இறந்துபோன கட்சிக்காரர்களின் பெயர்களைப் பொதுக்குழுவில் படிப்பது. பொம்பளைக் குரலுக்கு அதுதான் எடுபடும் என்று ஆரம்பத்தில் யாரோ சொன்னார்கள். அப்படியே விட்டுவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஒப்பாரி அக்கா என்று பெயர்.

அவள் படிப்பதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். எப்படி இறந்தார் என்று கேட்டாள். கேட்டதை மறக்கவில்லை.

பழைய தலைவர் மாரடைப்பில் போனதும் மூன்று பேர் பதவிக்கு அடித்துக்கொண்டார்கள். சண்டை தீரும்வரை இருக்கட்டும் என்று மூவரும் சேர்ந்து அவளை இடைக்காலமாக உட்கார வைத்தார்கள்.

"ஒப்பாரி முடிஞ்சா அக்கா தானா எந்திரிச்சிடும்" என்றார் அவர்களில் ஒருவர். அறையே சிரித்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. மாவட்டம் மாவட்டமாகப் போனாள். எந்த ஊரில் இறங்கினாலும் அங்கே அவளுக்குத் தெரிந்த ஒரு சாவு இருந்தது.

இப்போது மூவரில் இருவர் அவள் பக்கம். மீதி ஒருவரோடுதான் போட்டி. நூறு ஓட்டு வித்தியாசத்துக்குள் தீரும் என்றார்கள்.

தலைமை அலுவலகத்தில் பட்டியலை டைப் அடிப்பவன் அவன்.

பென்சில் முதல் பெயரில் நின்றது.

"இவரு எப்படி தம்பி போனாரு?"

"சர்க்கரைக்கா. காலை எடுத்தாங்க. அப்புறம் தாங்கல."

"இவரு?"

"பஸ் மோதி."

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருந்தாரே. நடந்துச்சா?"

"தள்ளிப் போட்டிருக்காங்க."

ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொண்டாள். இப்படியே நாற்பத்திரண்டு பெயர்கள். ஒன்றையும் அவள் கேட்காமல் விடவில்லை.

நாற்பத்து மூன்றாவது, சுகந்தி. வயது இருபத்தாறு. நெல்லிக்குப்பம் ஒன்பதாவது வார்டு மகளிரணி. உடல்நலக் குறைவால்.

சுகந்தி அவன் மனைவி.

இருபத்து மூன்று நாள் ஆகிறது. செங்கமலத்தை வரவேற்க ஆரத்தித் தட்டோடு நின்றாள். நான்கு மணி நேரம். காற்றடித்து வரவேற்பு வளைவு சாய்ந்தது. சவுக்குக் கட்டைகளை விலக்கியபோது தட்டு அவளுக்கு அடியில் இருந்தது.

அன்று மாலை செங்கமலத்திடமிருந்து போன் வந்தது.

"எப்படி தம்பி?"

"வளைவு விழுந்துச்சுக்கா."

 அவள் வெகுநேரம் போனை வைக்கவில்லை.

அனுமதி வாங்காமல் வளைவு போட்டவர் மாவட்டச் செயலாளர். அவர் கையில் எண்பது ஓட்டு.

"உடல்நலக் குறைவுன்னு போட்டுடு தம்பி. இருக்கறதை அப்படியே பொதுக்குழுவுல படிச்சா கேஸ் அவர் மேல திரும்பிடும்." நேற்று அமைப்புச் செயலாளர் கதிரேசன் அவன் தோளில் கை வைத்துச் சொன்னார்.

அவன் அடித்தான். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தான்.

எப்படியும் அக்கா கேட்பாள். கேட்டால் சொல்லிவிடலாம். இரவு முழுக்க அதை வைத்துக்கொண்டுதான் இருந்தான்.

பென்சில் நாற்பத்து மூன்றுக்கு வந்தது.

நின்றது.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. அவள் உள்ளங்கையால் அமுக்கினாள்.

"டைம் ஆயிடுச்சா தம்பி?" என்றாள்.

மேடையில் அவள் படித்தாள். ஊரோடு, வார்டோடு, எப்படி இறந்தார் என்பதோடு. வழக்கம்போல. மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

கடைசிப் பெயர்.

உடல்நலக் குறைவால்.

குரல் மாறவில்லை.

எல்லோரும் எழுந்தார்கள். ஒரு நிமிடம் மௌனம்.

"அமரலாம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரம் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

அவன் உட்காரவில்லை.

முடிவு செய்து நிற்கவில்லை. கால் மடங்கவில்லை. அவ்வளவுதான்.

தலைகள் திரும்பின.

"யாருய்யா அது?"

"நெல்லிக்குப்பத்துப் பொண்ணு ஒண்ணு செத்துச்சுல்ல. அது புருஷன்."

"அது வெயில்ல மயங்கி விழுந்ததுன்னாங்க?"

"அப்படித்தான் சொல்றாங்க."

கதிரேசன் குனிந்து வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருப்பா. எலெக்‌ஷன் ஆரம்பிக்கணும்."

ஓரத்திலிருந்த ஒரு கேமரா அவன் பக்கம் திரும்பியது. இன்னொன்றும் திரும்பியது. நெல்லிக்குப்பத்து வரிசையில் ஒரு சலசலப்பு கிளம்பிப் பின்வரிசைக்குப் போனது.

செங்கமலம் அவனைப் பார்த்தாள்.

தேர்தல் தாள் அவள் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மைக்கை நெருங்கினாள்.

கேட்கப் போகிறாள்.  சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தைகளும் அவன் நாக்கு நுனியில் இருந்தன.

"வாழ வேண்டிய பிள்ளை" என்றாள். நிறுத்தினாள். "நம்ம சுகந்திக்காக இன்னொரு நிமிடம் நிற்போம்."

முதலில் எழுந்தவர் மாவட்டச் செயலாளர்.

பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். யாரோ ஒரு பெண் விம்மினாள். கதிரேசன் கண்ணை மூடி, கைகளைக் கட்டிக்கொண்டார். அவனைச் சுற்றிலும் வெள்ளைச் சட்டைகள், தோள்கள், பிடரிகள். கேமராவுக்கு அவனைத் தெரியவில்லை. அவனுக்கு மேடை தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் சுகந்திக்காக நின்றார்கள்.

அவன் உட்கார்ந்தான்.