கூட்டுத்தொகை எட்டு

மெக்கானிக் பொன்னுசாமி காரின் பானட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"வண்டி சூடா இருக்குதே சார். எங்கனா போய்ட்டு வந்தீங்களா?"

"காலைல மார்க்கெட் வரைக்கும் போனேன்" என்றார் பாண்டுரங்கன்.

போகவில்லை. பொன்னுசாமியும் வீரமணியும் வருவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே வாசலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டிருந்தார். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் சைலன்ஸரில் வெள்ளைப் புகை கிளம்பும். இப்போது கிளம்பாது.

பத்து நாள் முன்பு திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தான். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார். கூலன்ட் தண்ணி உள்ள கசியுது. தூரமா ஓட்டினா சூடேறி நடுரோட்ல நின்னுடும். இன்ஜினைப் பிரிச்சுத்தான் வேலை பாக்கணும்."

பிரிப்பானேன், விற்றுவிட்டால் போகிறது என்று முடிவு செய்தார். செஞ்சியில் அவர் தெருவிலேயே தையல் கடை வைத்திருக்கும் வீரமணி தானாகவே வந்து கேட்டார். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ரிடையரானவர் பாண்டுரங்கன். அவர் பேச்சுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு.

"சார் வண்டிய கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னுதான் சொன்னேன்" என்றார் வீரமணி, சங்கடமாக. "வீட்லதான் எதுக்கும் மெக்கானிக்க ஒரு தடவை பாக்கச் சொல்லுன்னு..."

"தாராளமா பாக்கட்டும். எழுநூத்தித் தொண்ணூத்தாறு சிசி. மூணு சிலிண்டர். லிட்டருக்குப் பதினெட்டு குடுக்குது. ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது."

யாரும் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது.

பொன்னுசாமி ஆயில் மூடியைத் திறந்தான். பார்த்தான். மூடினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஓட்டிப் பாக்கலாமா சார்? மேல்மலையனூர் வரைக்கும்."

இருபது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போனால் வண்டி சூடேறிவிடும்.

"இன்னிக்கு அமாவாசைப்பா. அந்த ரோட்ல கோயிலுக்குப் போற ஸ்பெஷல் பஸ்ஸுங்களா நிக்கும். திருவண்ணாமலை ரோட்ல கோட்டை வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

முன்சீட்டில் பொன்னுசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கண் டெம்பரேச்சர் முள்ளைவிட்டு அகலவில்லை.

"ஏசி போடட்டுமா சார்?"

"வேணாம், காத்து நல்லா வருது."

கோட்டை வந்தது. பொன்னுசாமி வண்டியைத் திருப்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் போலாம் சார்."

முள் பாதியைத் தொட்டது. ஒரு மயிரிழை மேலே ஏறியது. பாண்டுரங்கன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

பின்சீட்டிலிருந்து வீரமணி பேசிக்கொண்டே வந்தார்.

"என் சம்சாரம் மகாலட்சுமிக்கு வாரத்துல ரெண்டு நாள் பாண்டிச்சேரில டயாலிசிஸ் சார். பஸ்ஸுல போய்டறா. திரும்பி வரும்போதுதான் உக்கார முடியாம துவண்டு போய்டறா. அறுபது, எழுபது கிலோமீட்டர் இருக்குதே. போன வாரம் பஸ்ஸுலயே மயக்கம் வந்துடுச்சு. அதுக்குத்தான் சின்னதா ஒரு வண்டி..."

பாண்டுரங்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போதாவது சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

முள் இன்னொரு இழை ஏறியபோது பொன்னுசாமி வண்டியைத் திருப்பினான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் வீரமணி ஆவலாகக் கேட்டார். "இன்னாப்பா, எப்படி இருக்குது?"

பொன்னுசாமி வண்டிக்கு முன்னால் போய் நம்பர் பிளேட்டையே பார்த்தான்.

"அஞ்சு, ரெண்டு, ஒண்ணு, ஒம்போது. கூட்டினா பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. வேணாம்ண்ணா."

"இன்ஜின்?"

"அத வுடுண்ணா. வீட்ல உடம்பு முடியாதவங்க இருக்கறப்ப எட்டு நம்பர் வேணாம்."

வீரமணியின் முகம் சுருங்கிப் போனது.

பாண்டுரங்கனுக்கு முதலில் உயிர் வந்தது. இவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த நொடியே கோபமும் வந்தது.

"இந்தக் காலத்துல நம்பர் பாத்துக்கிட்டு இருக்கறியே? இதெல்லாம் மூடநம்பிக்கைப்பா. வீரமணி, நீங்களும் இதை நம்பறீங்களா?"

"நான் நம்பல சார். ஆனா அவ காதுல விழுந்தா பயந்துடுவா." வீரமணி கை கூப்பினார். "கோச்சிக்காதீங்க சார். நீங்க குடுக்கறேன்னதே பெருசு. கடை திறக்கணும், வரேன்."

அவர் தெருமுனை திரும்பும்வரை பொன்னுசாமி அங்கேயே நின்றான். பிறகு சாவியை நீட்டினான்.

பாண்டுரங்கன் அதை வெடுக்கென்று வாங்கினார். "இன்ஜினைப் பாக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நோயாளி இருக்கற வீட்ல பயத்தக் கெளப்பிவுட்டுட்டியே, அது பாவம் இல்லையா?"

"ஆயில்ல தண்ணி கலந்து மோராட்டம் கெடக்குது சார்." பொன்னுசாமி குரலை உயர்த்தவில்லை. "பாண்டி ரோட்ல அந்தம்மாவோட நின்னிருக்கும்."

பாண்டுரங்கன் வீரமணி போன தெருமுனையைப் பார்த்தார்.

"அத... அவர்கிட்ட ஏன்பா சொல்லல?"

"ஒரே தெருவுல இருக்கறீங்க. நாளைக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேணாமா?"

பொன்னுசாமி பைக்கில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்யாமல் திரும்பிப் பார்த்தான்.

"வண்டிய ஷெட்டுல வுடுங்க சார், ஹெட்டக் கழட்டி சரி பண்ணிடலாம். அதுக்கப்புறமும் குடுக்கற மனசு இருந்தா அவருக்கே குடுங்க. மலையனூர்ல எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாச்சு, தோஷம் போயிடுச்சுன்னு நானே சொல்லிக்கிறேன்."