குளியலறை வாசலில் ஒரு கச்சேரி

சிரிப்பு வரும் கதைதான். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் பெரியவள் கோபப்பட்டு முடிக்கட்டும்.

கோபம் தங்கை மேல். அக்கா குளிக்கப் போனால் போதும், சின்னவள் கதவுக்கு வெளியே கடையை விரித்துவிடுவாள். அவள் வாயில் ஊரே குடியிருந்தது. ஒரு நிமிஷம் மாடி வீட்டு அக்கா, மறு நிமிஷம் தொண்டையைச் செருமும் அப்பா, அதற்கடுத்து பெரியவளின் மேலாளர்.

"என்னம்மா, இன்னிக்கும் லேட்டா?" என்று மேலாளர் மூக்கால் கேட்பார்.

"நீங்க மட்டும் நேரத்துக்கு வந்து கிழிச்சீங்களாக்கும்!"

நிஜ மேலாளரிடம் சொல்ல முடியாததையெல்லாம் சோப்பு நுரையோடு சொல்லித் தீர்ப்பாள் பெரியவள். இருந்தாலும், நிம்மதியாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடிகிறதா?

தாழ்ப்பாளைக் கழற்றியதும் அந்தப் பிசாசுதான். பள்ளிக்கூடத்தில் ஏதோ செய்முறையாம். திருப்பி மாட்டச் சொன்னால் திருகாணி தொலைந்துவிட்டதாம். அம்மாவோ புதுசு வாங்குகிறேன், வாங்குகிறேன் என்று சொல்வதோடு சரி.

ஒருநாள் பெரியவள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள். கத்திக் கத்தி ஓயட்டும் என்று.

அடுத்த நொடி கதவு திறந்தது. வெளிறிய முகத்தோடு சின்னவள்.

"சீப்பு... சீப்பு எடுக்க வந்தேன்" என்றாள், மூச்சு வாங்க.

வாளித் தண்ணீர் மொத்தமும் அவள் தலையில்தான்.

பெரியவளுக்கு வலிப்பு உண்டு. வேளை தவறாமல் மாத்திரை போடுவாள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டாள். ஆசைப்பட்டு வாங்கிய ஸ்கூட்டரைத் தொடக்கூட இல்லை. டாக்டர் சொன்னதில் ஒன்றை மட்டும் காதிலேயே வாங்கவில்லை. நான் என்ன பச்சைக் குழந்தையா என்று ஒரே பிடிவாதம்.

அதனால் என்ன? இந்த முறை தங்கையோடு போனபோது டாக்டரே வாய் நிறையப் பாராட்டினார். வலிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை மட்டும் தானாக நிறுத்திவிடக் கூடாது என்றார். பெரியவள் பந்தயத்தில் கோப்பை வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குளிக்கிற விஷயம் என்ன ஆச்சு? தாழ் போடாம, வெளியே ஒருத்தர் நின்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும்னு சொன்னேனே. பதில் வரலேன்னா உடனே உள்ளே போகணும்."

"அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கவே இல்லை டாக்டர். எனக்கு யாரும் காவல் நிக்கலை. தாழ்ப்பாளை இவதான் எதுக்கோ கழட்டிட்டா. அப்புறம் தினமும் கதவுக்கு வெளியே நின்னு, யார் யார் மாதிரியோ பேசி, என் வாயைக் கிளறி..."

பெரியவளின் வாய் பாதியில் நின்றது. மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

சின்னவள் விட்டத்தைப் பார்த்தபடி, டாக்டரின் குரலிலேயே கேட்டாள்:

"என்னம்மா, பதிலையே காணோம்? உள்ளே வரட்டுமா?"