வழுக்காத செருப்பு

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் கிடந்த ரப்பர் செருப்புக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஏசி ஒழுகித் தேங்கிய தண்ணீரில் வழுக்கி விழுந்து, அதன் எஜமானி பூரணத்தம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களோ, தேய்ந்த செருப்பு வழுக்கியதாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அடப்பாவிகளா! செருப்போட உள்ளே வரக்கூடாதுன்னு போர்டு மாட்டினது நீங்கதானே? உள்ளயே வராத நான் எப்படிய்யா வழுக்குவேன்?"

வார்டு மூலையிலிருந்த வாளியைப் பார்த்து, "நீ பார்த்தேல்ல? சொல்லேன்!" என்று கத்தியது.

"சொல்லிட்டு, உன்னை மாதிரி நானும் வெளிய கிடக்கவா?" என்றது வாளி.

மறுநாளும் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. பளபளவென்று ஒரு புதுச் செருப்பு பக்கத்தில் வந்து நின்றது.

"ஓ, அந்தம்மாவைத் தள்ளிவிட்டது நீதானா? நான் புதுசு. எங்க ஐயாவுக்கு ஒண்ணும் ஆகாது."

ஐயா வெறுங்காலோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.