பாதி வீடு வாடகைக்கு

வாசல்நிலையில் ‘ணங்’கென்று தலையை இடித்துக்கொண்டே அசரியா அந்த வீட்டிற்குள் நுழைந்தார். வலியைக் காட்டிக்கொள்ளாமல், வாசலில் தொங்கிய அட்டையைக் குடையால் சுட்டினார்.

“பாதி ஊடு வாடகைக்குன்னு போட்டிருக்கே. பாக்கலாமா?”

“பாருங்கண்ணா” என்றார் வீட்டுக்கார அம்மாளான ஞானம்மாள். “எந்த ஊரு?”

“ஏர்பேடு. பேரு இயேசுதாசன்.”

இரண்டும் பொய். அவர் திருப்பதி ரயில் நிலையத்தின் சரக்குக் குமாஸ்தா. சென்னை ராஜதானியின் எந்த மூலையிலிருந்து சரக்கு வந்தாலும், தாமே ஒருமுறை எடை போட்டுப் பாராமல் ரசீது எழுதாதவர்.

அவருடைய ஒரே மகள் கிருபாவதியை, சித்தூர்க் கலெக்டர் கச்சேரியில் வேலை பார்க்கும் ஞானம்மாளின் மகன் தியோடருக்குக் கேட்டிருந்தார்கள். போதகர் மூலமாகப் புகைப்படங்கள் கை மாறியதோடு சரி. பெரியவர்கள் இன்னும் நேரில் கண்டதில்லை. இன்று மாலைக்குள் போதகருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

கிருபாவதி பள்ளிக்கூட ஆசிரியை. அந்த வேலையை விடச் சொல்லும் வீட்டிற்கு அவளை அனுப்ப அசரியாவுக்கு மனமில்லை. சம்பந்தம் பேச வந்தவரிடம் எல்லாரும் இனிப்பாகத்தான் பேசுவார்கள். குடிவர வந்தவரிடம் வீட்டின் குறையை மறைத்தாலும் மனத்தில் உள்ளதை மறைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

திட்டத்தைக் கேட்டுக் கிருபாவதி விழுந்து விழுந்து சிரித்தாள். காலையில் வண்டியேற்றும்போது பாடமும் நடத்தினாள்.

“சன்னலண்ட குந்தாத நைனா, கண்ணுல கரி வுழும். பாகாலாவுல காபிக்கு எறங்காத, வண்டி பூடும். அவங்க வாசல்ல குனிஞ்சி போ.”

மகள் சொல்வதை எந்தத் தகப்பன் காதில் வாங்கினான்?

அசரியா சமையற்கட்டை எட்டிப் பார்த்தார். “பொகை எப்படி?”

“மேல பூடும்ணா. கூண்டு வச்சிக்கீது.”

“ராத்திரில சத்தம் கித்தம் உண்டா? உங்க மகன்… குடிப்பாரா?”

“குடிப்பான். மோரு.”

“கோவம் வருமா?”

“வாடகைக்கு வர்றவருக்கு அவன் கோவம் என்னாத்துக்குண்ணா?”

“நடுவுல ஒத்தச் செங்கல் சொவருங்களே, எல்லாம் காதுல வுழுமே” என்று அசரியா சமாளித்தார்.

“அவன் பேசறது எனக்கே கேக்காது. அந்தச் சொவத்துக்கு எங்க கேக்கப்போவுது?”

இனி ஒரே ஒரு கேள்விதான். அதற்காகத்தான் அவர் திருப்பதியிலிருந்து புறப்பட்டு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாளைக்கு மருமக வரும். அது வேலைக்குப் போற பொண்ணா இருந்தா, பகல்ல ஊடு காலியா கெடக்குமே. திருட்டு பயம் இல்லியா?”

ஞானம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நான் கீறனேண்ணா. அது பாட்டுக்கு வேலைக்குப் போய் வரட்டும். நான் சோறாக்குவேன், எம்மகன் தண்ணி சேந்துவான். திருடன் வந்தா அவனுக்கும் ரெண்டு வாய் துன்னக் குடுத்து அனுப்பறேன்.”

அசரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனத்திற்குள் ரசீது எழுதி முத்திரையும் குத்திவிட்டார்.

“ஊடு ரொம்பப் புடிச்சிருக்கும்மா” என்று குடையை இடுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

“ஒண்ண மட்டும் கேக்க மறந்துட்டீங்களே.”

“என்னாது?”

“வாடகை.”

அவசரமாகப் பின்வாங்கிய அசரியா, நிலையில் மறுபடியும் ‘ணங்’கென்று இடித்துக்கொண்டார்.

“பாத்து, சம்மந்தி. போன சனிக்கிழமை உங்க பொண்ணும் எல்லாத்தையும் கேட்டுட்டு, வாடகைய மட்டும் கேக்காம, இதே எடத்துலதான் இடிச்சிக்கினு போச்சு.”