அறுபத்தொரு ஜிபி அண்ணன்

அண்ணனை மொத்தமாகப் பிடித்து இழுத்து, புது லேப்டாப்பில் விட்டாள்.

அறுபத்தொரு ஜிபி.

'இன்னும் நான்கு மணி நேரம்' என்றது பழைய கம்ப்யூட்டர். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, 'இன்னும் ஏழு நிமிடம்' என்றது. அப்புறம், 'ஒரு நாள்'.

பன்னிரண்டு வருஷம் அண்ணனைச் சுமந்த பெட்டி. வாக்குக் கொடுக்கவும் பழகிவிட்டது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே அவளுடைய ஃப்ளெக்ஸ் கடை. ஊரில் கட்சியின் நகரச் செயலாளர் தணிகாசலம் அண்ணன் சிரிப்பது, கும்பிடுவது, விரல் நீட்டுவது எல்லாம் அவள் கைவேலை. முடி அவள் வைத்தது. கன்னம் அவள் செதுக்கியது. ரெட்டை முகவாயை எட்டு வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டாள். நேரில் மட்டும்தான் இன்னும் இருக்கிறது.

லேப்டாப் அண்ணன் கொடுத்தது. காலையில் கடைக்கே வந்து, சால்வை போர்த்தி, கொடுப்பதை மூன்று தடவை படமெடுக்க வைத்துக் கொடுத்தார். மூடியில் அவர் முகம் ஒட்டியிருந்தது. சார்ஜரிலும்.

மவுசில் இடம் போதவில்லை. மீசை மட்டும்.

கிளம்பும்போதுதான் குரலை இறக்கினார்.

"இந்தத் தடவை நமக்கு எம்எல்ஏ சீட்டு உறுதி பாப்பா. அந்த ரெண்டு பேரு இருக்கிற படம் மட்டும் புதுசுக்கு வர வேணாம். அஞ்சு மணிக்கு டிரைவர் வருவான். பழைய பெட்டிய அவன்கிட்ட குடுத்துடு. நாமளே உடைச்சுக்கலாம்."

ஏழு நிமிடம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

அண்ணன் முழுக்கக் குடியேறிவிட்டார்.

அவர் வேண்டாமென்ற அந்த ஒரே ஒரு படம் மட்டும் பழைய திரையில் தனியாக நின்றது.

திறந்தாள்.

கறுப்பு வெள்ளை. குடிதண்ணீர் கேட்டு நடந்த மறியல். எதிரே லத்தியோடு போலீஸ். நடுரோட்டில் இளவயது அண்ணன், தலையைத் திருப்பி எங்கோ தூரத்தைப் பார்க்கிறார். ஊருக்கே மனப்பாடமான பார்வை. அதன் கீழே 'தொலைநோக்குத் தலைவர்' என்று அவளே எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். மேடை கிடைத்தால் அண்ணனும் விடமாட்டார். அன்றைக்குத் தன்னந்தனியாக நின்றேன் என்பார்.

படத்தில் பக்கத்தில் இன்னொருவர்.

அவளுடைய அப்பா.

அப்பாவின் கை, அண்ணனின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது.

அண்ணன் பார்ப்பது தொலைவை அல்ல. மளிகைக் கடை ஓரமாக ஓட வழி இருக்கிறதா என்று.

முதல் பேனருக்கு அப்பாவை அழித்தது அவள்தான். அண்ணன் கேட்டார், கடையும் புதுசு, முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"என்னைய எப்படி வேணா அழி தாயி. அந்தக் கைய மட்டும் பாத்து எடு. விட்டா ஓடிருவான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வீட்டிலிருந்த அசல் படத்தை, பெரிசு பண்ணித் தருகிறேன் என்று அண்ணன் வாங்கிப் போனார். திரும்பி வந்தது அவர் மட்டும்தான், அடுத்த பேனருக்கு.

அப்பா போய் மூன்று வருஷம். மாலை போட்டு மாட்டியிருப்பது வாக்காளர் அட்டைப் படம். அதில் அவர் வேறு யாரோ.

மணி நாலே முக்கால்.

மீசையைப் பிடித்து நகர்த்தினாள். அப்பாவும் புதுசுக்கு வந்தார். அரை நொடிகூட ஆகவில்லை.

படத்துக்குப் பெயர் மாற்றினாள்: தன்னந்தனியாக.

ஐந்து மணிக்கு டிரைவர் வந்தார். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் மாத்தியாச்சாம்மா?"

"எல்லாம்."

விடிந்தால் அண்ணனுக்குப் பிறந்தநாள். பேருந்து நிலைய வாசலுக்கு நாற்பதடி பேனர். அதே மறியல் படம்தான் வேண்டும், வீரமாக இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அதே படத்தைத்தான் போட்டாள்.

இந்தத் தடவை எதையும் அழிக்கவில்லை.

மேலே 'அஞ்சா நெஞ்சர்' என்று வைத்தாள். மாதிரியை அண்ணன் போனுக்கு அனுப்பினாள். அவர் சரி என்று சொல்லாமல் இந்த ஊரில் ஒரு பேனருக்கும் கயிறு கட்டப்பட்டதில்லை.

நாளையிலிருந்து வேலை வராது. கடைக்குப் பூட்டு வரலாம். கல்லும் வரலாம்.

குரல் பதிவு வந்தது.

"முகத்துல வெளிச்சம் பத்தல பாப்பா. மத்தபடி பிரமாதம்."

எப்போதும் அப்படித்தான். போனை விரலால் விரித்துத் தன் முகத்தை மட்டும் பார்ப்பார்.

முகத்துக்கு வெளிச்சம் கூட்டினாள். அந்தக் கைக்கும் கொஞ்சம்.

அச்சு இயந்திரம் உறுமியது. துணி அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. முதலில் ஒரு தோள். அப்புறம் மடித்துவிட்ட சட்டைக் கை. முழங்கை.

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் வர இன்னும் ஏழடி இருந்தது.