அகலப் பட்டை

மண் தோண்டும் செயின் வண்டியை விற்றால்தான் மகளைக் கல்லூரியில் சேர்க்க முடியும். அதனால் இசக்கிராஜா முன்னேற்பாடாக ஒரு காரியம் செய்திருந்தார். உப்பளச் சேற்றில் வண்டி புதையாமல் இருக்க மாட்டியிருந்த அகலமான இரும்புப் பட்டைகளைக் கழற்றி விற்றுவிட்டு, கட்டாந்தரைக்கு ஏற்ற குறுகிய பட்டைகளை மாட்டிவிட்டார். உப்பில் உழைத்த வண்டி என்று தெரிந்தால் தூத்துக்குடியில் எவன் வாங்குவான்?

வாங்க வந்த காயல்பட்டினத்து சதக்கத்துல்லா காக்கா குனிந்து பட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"வண்டி உப்பளத்துல ஓடுனதா தம்பி?"

"என்ன காக்கா இப்படிக் கேட்டுட்டிய! உப்புக்காத்துகூடப் பட்டதில்ல. முழுக்க விளாத்திகுளம் பக்கம் ரோட்டு வேலைதான்."

"நெசமாவா?"

"எம் மக மேல சத்தியம்."

சதக்கத்துல்லா நிமிர்ந்தார். "அப்ப நமக்குச் சரிப்படாது. நான் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கேன். சேத்துல பழகுன வண்டிதான் தேடுதேன். ஜெபமணி போன வாரம் அவன் வண்டிக்கு அகலப் பட்டை வாங்கி மாட்டியிருக்கான். அதையே முடிச்சிருதேன். பட்டை பழசு, அதான் யோசனை."

தான் விற்ற பட்டையைப் பழசு என்றதும் இசக்கிராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அருமையான பட்டை காக்கா அது! தினமும் வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுனதாக்கும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது.

"ஜெபமணி சொன்னான்."

சதக்கத்துல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒங்கள மாதிரி உண்மையச் சொல்லுத ஆளு இந்தத் தொழில்ல கெடையாது."