கதவுக்கு அந்தப் பக்கம்

முப்பத்தோரு மணி நேரமாக இருவரும் அந்தத் தகரக் கூட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். வட்டச் சன்னலில் படிந்த தன் மூச்சைத் துடைத்துவிட்டு மீகா வெளியே பார்த்தாள். நிலைமை மாறவில்லை.

கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. என்றோ உடைந்த செயற்கைக்கோளின் கையகலத் துண்டு அது. விண்வெளி நிலையத்தின் பாதையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிலையத்தில் ஏழு பேர். அடுத்த சுற்றில் அந்தத் துண்டைச் சரியாக அளந்தால்தான் நிலையத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியும்.

அளக்க மீகா இருந்தாள். தொலைநோக்கியும் இருந்தது. அதன் மேல்மூடிதான் உறைந்து இறுகிவிட்டது. வெளியே போய்த் தட்டினால்தான் திறக்கும்.

அளவு ஏன் இன்னும் வரவில்லை என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து பலமுறை கேட்டுவிட்டார்கள். சின்னக் கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றே சொல்லிவைத்தாள். அப்படிச் சொல்லச் சொன்னவர் பாலூசி. கருவிகளைப் பராமரிப்பவர், அவளுக்கு அண்ணன் முறை.

"இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்குண்ணே."

பாலூசி தடித்த உடையை மாட்டினார். கையுறைகளை இழுத்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

"போனா திரும்பி வர மாட்டீங்க. அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தாழ்ப்பாளில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்டிலில் மிச்சமிருந்த தேநீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றினார்.

உதவி கேட்கலாமே என்றாள் மீகா.

"கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இருபது வருஷமா வெளிய போய் வர்றவன் வெறுங்கையோட மாட்டிக்கிட்டான்னு நான் சாகுற வரைக்கும் சிரிப்பானுங்க. படிச்ச பொண்ணுதானே நீ, வேற வழி யோசி."

யோசித்தாள். வேறு வழி இல்லை. நிலையத்தில் ஏழு பேரும் இந்நேரம் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் அவள். பாலூசியின் முகத்தைப் பார்க்காமல், எல்லாரும் கேட்கும் அலைவரிசைக்கு வானொலியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள்.

"யாராவது உடனே வாங்க, பாலூசி அண்ணன் துப்பாக்கியைப் பனிவண்டியிலயே விட்டுட்டாரு, வாசல்ல பனிக்கரடி படுத்திருக்கு."